என்ன கலர் சார்?

ரிச்சி தெருவில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததா என்பது அவருக்கு இப்போது நினைவில்லை. ஓர் ஆள் தோளைச் சாய்த்து நுழையும் அகலம்தான். ஒயர் சுருள்களுக்கும் ரெசிஸ்டர் பொட்டலங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பையன், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டி டார்ச்சுகள் நான்கை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான். ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. வரிசையாக அழுத்திக் காட்டினான். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்.

“என்ன கலர் சார்?”

டார்ச் வாங்க வந்த ஆள் திருப்பத்தூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஒளியைப் பற்றி இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தியவர். அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க அவருக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அது 2012. அந்த வருடத்தைத் தமிழ்நாட்டில் கழித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சென்னைக்காரர்கள் தினமும் 2 மணி நேர மின்வெட்டுக்கே அலுத்துக்கொண்டார்கள். வெளி மாவட்டங்களில் அது பாதி நாளைத் தொட்டது. கரண்ட் எப்போது போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்போது வரும் என்று கேட்கப் பழகியிருந்தார்கள். அவர் வீட்டில் டார்ச் இல்லாமல் இல்லை. அப்பா காலத்துப் பித்தளை லைட், மூணு கட்டை போடுவது, அடித்தால் தெருமுனை வரை போகும். ஆனால் கரண்ட் போகும் நேரத்தில் அது தவறாமல் வேறு அறையில் இருக்கும். அதைத் தேடி எடுக்க ஒரு லைட் வேண்டும். சாவி மட்டும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் என்பதால்தான் ரிச்சி தெருவுக்கு வந்தார்.

சிவப்பையும் பச்சையையும் அவர் தொடவில்லை. வெள்ளையை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். கை நீலத்துக்குப் போயிற்று.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அவர் பி.எஸ்சி. படித்தபோது, ஆய்வகத்தில் எல்.இ.டி. என்றால் சிவப்பு. 1962-ல் நிக் ஹோலோன்யாக் என்பவர் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை டையோடிலிருந்து எடுத்துக் காட்டினார், அது சிவப்பு. பிறகு மஞ்சள் வந்தது, பச்சை வந்தது. நல்ல வெளிச்சமான நீலம் மட்டும் வரவில்லை. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்ப்பது பெரும் பாடாக இருந்தது. முயன்றவர்களில் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். அகாசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் நகோயாவில் விடாமல் மல்லுக்கட்டி, நல்ல படிகத்தை வளர்க்கும் வழியைக் கண்டார்கள். தொகுஷிமா மாகாணத்தில், வெளியில் அதிகம் பேர் கேள்விப்படாத நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நாகமுரா 1993-ல் பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். மாணவனாக இருந்தபோது உலகத்திலேயே இல்லாத ஒரு வெளிச்சம், வாத்தியாராக இருக்கும்போது இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்காமல் எப்படி வருவார்?

ஆசையில் வாங்கியதுதான். வேலை என்று வந்தபோது அது காலை வாரியது.

முதல் ராத்திரியே மின் கணக்கு அட்டையைப் படிக்க நீலத்தை அடித்தார். எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்து என்று பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். எழுத்தின் ஓரங்கள் புகை பிடித்த மாதிரி ஊறி நின்றன. ஐம்பதை நெருங்கும் வயது, கண்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். பாதிதான் உண்மை. நாம் எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழியால். அந்தக் குழியின் மையத்தில் நீலத்தை உணரும் கூம்புச் செல்கள் கிடையாது. போதாததற்கு, கண்ணின் லென்ஸ் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாக வளைத்து, விழித்திரைக்கு முன்னாலேயே குவித்துவிடுகிறது. வயது ஏற ஏற லென்ஸ் மஞ்சள் பூத்து நீலத்தை உள்ளே விடாமல் மறிக்கவும் செய்கிறது. இவையெல்லாம் அவர் பாடப்புத்தகத்தின் வெவ்வேறு பக்கங்களில் கிடந்தவைதான். கையில் அட்டையும் இருட்டும் சேர்ந்தபோதுதான் ஒன்றாகக் கூடின.

அடுத்தது மோட்டார் கொட்டாய். மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வரும் வாரங்களில் தம்பி கூப்பிடுவான். இரண்டு பேருமாகப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார்கள். ஒரு நாள் பெரிய லைட்டில் கட்டை தீர்ந்துபோக, இவர் சாவிக்கொத்து நீலத்தை நீட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். செம்மண், சருகு, காய்ந்த தட்டை எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தன. பழுப்பு நிறப் பொருள்கள் நீலத்தை அதிகம் திருப்பி அனுப்புவதில்லை. நீல வெளிச்சத்தில் அவை கறுத்துத்தான் தெரியும். கண்ணாடி விரியனின் நிறமும் பழுப்புதான். தம்பி பாதி வழியில் நின்று, “அண்ணா, அந்தக் கோயில் லைட்ட அணைச்சிட்டு என் செல்லுல டார்ச் போடு” என்றான். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வரப்பில் நடக்கச் சாவிக்கொத்து டார்ச் எந்த நிறத்திலும் போதாது. அது பூட்டுத் துவாரத்துக்கும் புத்தகப் பக்கத்துக்கும் ஆனது. பாம்பு நடமாடும் இடத்துக்கு மூணு கட்டைதான்.

இவ்வளவு ஆனபிறகும் நீலத்தை அவர் மாற்றவில்லை. மாற்ற வைத்தது காவலூர்.

2013 பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, அமாவாசையை ஒட்டிய நாள். பிளஸ் ஒன் பிள்ளைகள் இருபது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனார். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அது ஆராய்ச்சியாளர்களுக்கானது, சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கி வழியாக வானத்தைக் காட்டுவார்கள். ஊர் விளக்குகள் எட்டாத இடம் என்றுதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று வியாழன் உச்சியில் நின்றது. ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்புக்குக் கீழே நெபுலா, பஞ்சுத் துணுக்கு மாதிரி வெறும் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் சத்தமில்லாமல் அண்ணாந்து நின்றார்கள். இருபது பேரும் இருக்கிறார்களா என்று பெயர்ப் பட்டியலைப் பார்க்க, ஆசிரியர் சாவிக்கொத்தை எடுத்து அழுத்தினார்.

வரிசையிலிருந்து ஒரே குரலாக “ஐயோ!” என்று வந்தது. பக்கத்தில் நின்ற, சொந்தத் தொலைநோக்கியோடு ஊர் ஊராகப் போகும் ஒரு பெரியவர் கோபப்படவில்லை. “அரை மணி நேரம் போச்சு சார்” என்றார், அவ்வளவுதான்.

அவர் சொன்ன கணக்கு சரி. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த வேலையைச் செய்பவை விழித்திரையின் கோல் செல்கள். அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி இருட்டில் மெல்ல ஊறிச் சேர்கிறது, வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகிறது. கோல் செல்கள் மிக அதிகமாகக் கூசுவது சுமார் 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது நீலப்பச்சைக்கு. ஆசிரியரின் டார்ச் அந்த இடத்துக்குக் கொஞ்சம் இப்பால் இருந்தது. நான்கு நிறங்களில் இருட்டைக் கெடுப்பதற்கென்றே பொறுக்கி எடுத்த மாதிரி. சிவப்பின் பக்கம், 640 நானோமீட்டரைத் தாண்டினால், கோல் செல்கள் ஏறக்குறைய குருடு. பெரியவர் தன் டார்ச்சைக் காட்டினார். சாதாரண டார்ச்தான், முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை நான்காக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் பட்டியலில் இருபது பெயரும் படிக்க முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் நெபுலா அப்படியே இருந்தது.

“சிவப்பா இருந்தா மட்டும் போதாது, கம்மியாவும் இருக்கணும்” என்றார் பெரியவர். பிரகாசமான சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். அவர் விரலை முகப்பின் மேல் பாதி மூடிப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

அடுத்த மாதமே சென்னை போகும் வேலை வந்தது. ரிச்சி தெருவில் அதே கடை, அதே பையன். “இந்தத் தடவை சிவப்பு” என்றார். “சிவப்பு யாரும் கேக்க மாட்டாங்க சார்” என்று அடிப்பெட்டியில் துழாவி எடுத்துக் கொடுத்தான்.

சிவப்புக்கு அவர் எதிர்பார்க்காத ஒரு சிக்கனமும் இருந்தது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் எரிந்துவிடும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். பட்டன் பேட்டரி சி.ஆர். 2032 தருவது 3 வோல்ட். அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். புதிதாக இருக்கும்போது நீலத்தைத் தள்ளிவிடும். கொஞ்சம் களைத்ததும் நீலம் மங்கிச் சோர்ந்துவிடும். அதனால்தான் சில வெள்ளை டார்ச்சுகளில் அதே இடத்தில் பாதித் தடிமன் உள்ள சி.ஆர். 2016 இரண்டை அடுக்கி 6 வோல்ட் ஆக்கிவிடுகிறார்கள். சிவப்பு இந்த வம்பில் மாட்டுவதில்லை. நீல டார்ச்சில் செத்துப்போனதாக அவர் கழற்றி வைத்திருந்த பேட்டரி சிவப்பில் இன்னும் நான்கு மாதம் எரிந்தது. மழை விட்ட சாயங்காலங்களில் ஈசல் வந்து மொய்க்கும்போதும் சிவப்பின் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. பல பூச்சிகளின் கண்ணுக்கு அது விளக்கே அல்ல.

கொஞ்ச நாள் சிவப்பின் புகழ் பாடிக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் அவரைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள் என்று கேள்வி.

பிறகு ஒரு ராத்திரி மாதத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. கடைசி நாலு தாள்தான் பாக்கி. சாவிக்கொத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தார். பையன் எழுதியது தெரிந்தது. அவர் போட்ட மதிப்பெண் எதுவும் தாளில் இல்லை. பதறிப்போய் முதல் பக்கத்தைப் புரட்டினார். அங்கும் இல்லை. சிவப்பு மையில் போட்ட மதிப்பெண். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் ஒன்றுபோலவே சிவப்பைத் திருப்பி அனுப்பும். வகுப்பில் கண்ணாடித்தாளை வைத்து இதையே செய்து காட்டியவர் அவர். தன் மேசையில் நடந்தபோது ஒரு நிமிடம் திருட்டு போய்விட்டதென்றே நினைத்தார்.

அது சிரிப்போடு போயிற்று. மாத்திரை விஷயம் அப்படியல்ல.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து. சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. ஒன்று வெள்ளை, இன்னொன்று வெளிர் ரோஸ்; இரண்டும் வட்டம், ஏறக்குறைய ஒரே அளவு. அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் போட்டு வைக்கிற கெட்ட பழக்கம் அந்த வீட்டில் இருந்தது. ஒரு மின்வெட்டு ராத்திரியில் மகன் டப்பாவைத் திறந்து, சிவப்பு விளக்கை அடித்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்மா வாயில் போடவில்லை. விரல் நுனியில் வைத்து நகத்தால் தடவினார். “நடுவுல கோடு இருக்கே. இது காலையில போடறதுடா” என்றார். அந்த வெளிச்சத்தில் ரோஸும் வெள்ளையும் ஒரே நிறம். மகன் பெரிய லைட்டை எடுத்துவர எழுந்து போனார். மறுநாள் மருந்துக் கடையில் அறைகள் பிரித்த டப்பா வாங்கினார். சிவப்பு விளக்கைப் பற்றிய பேச்சை ஸ்டாஃப் ரூமில் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நிறம் பார்க்க வேண்டிய எந்த வேலைக்கும் ஒற்றை நிற விளக்கு ஆகாது என்பது இரண்டு வரிப் பாடம். ஃபியூஸ் போன பெட்டியின் முன்னால் நின்றாலும் அதேதான்: சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் மஞ்சள் ஒயரும் பங்காளிகள், நீலமும் பச்சையும் கறுப்போடு சேர்ந்துவிடும். எர்த் எது, நியூட்ரல் எது என்று தெரியாமல் கை வைப்பது நல்லதல்ல.

பச்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். பகல் பார்வைக்கு நம் கண் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. ஆகவே அதே மின்சாரத்தில் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும். சிவப்பு மை பச்சை வெளிச்சத்தில் கறுப்பாக, அழகாகத் தெரிந்தது. விடைத்தாளுக்கு நல்லது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் சோறு பாசி பிடித்த மாதிரி இருந்தது. பேத்தி வயதுப் பக்கத்து வீட்டுக் குழந்தை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதது. பச்சை அலமாரிக்குப் போனது.

புற ஊதா விளக்கும் ஒன்று கைக்கு வந்தது. ரூபாய் நோட்டில் எண்கள் ஒளிர்வதையும், கல்லைப் புரட்டினால் தேள் நீலப்பச்சையாக மின்னுவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட அது பயன்பட்டது. தேளைத் தேடிப் போகாதவர்களுக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை.

2014 பிப்ரவரியில் மகள் அவரைச் சென்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்; ஆமை நடைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில், 1988 முதல் மாணவர்கள் அமைப்பு ஒன்று ராத்திரி நேரத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பிடத்துக்குக் கொண்டுபோகிறது. புறப்படும் முன் ஓர் இளைஞர் எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் திரையும் கூடாது. ஆசிரியர் பெருமையோடு சாவிக்கொத்தைக் காட்டி, “சிவப்புதான் தம்பி” என்றார். “நாங்க சொல்லும்போது மட்டும் சார்” என்று பதில் வந்தது.

காரணத்தையும் அந்த இளைஞரே சொன்னார். பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தைப் பார்த்து நகர்கின்றன. மனிதர்கள் வருவதற்கு முன்னால் அது எப்போதும் கடலாகத்தான் இருந்தது. இப்போது தெருவிளக்கும் பங்களா விளக்கும் கரைப்பக்கம் எரிகின்றன. குஞ்சுகள் ரோட்டுக்குப் போய்விடுகின்றன. தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். நீலமும் வெள்ளையும் அவற்றை அதிகம் குழப்பும்; சிவப்பு குறைவாகக் குழப்பும். குறைவாக என்பதுதான் சொல், குழப்பாது என்பதல்ல. அன்று அதிகாலை இரண்டு மணி வாக்கில் மணலில் டிராக்டர் சக்கரம் போன தடம் போல ஒன்று தெரிந்தது. குழியைத் தோண்டி எடுத்தபோது நூற்றுக்கும் மேல் முட்டைகள், பிங்பாங் பந்து மாதிரி. எண்ணுவதற்காக இளைஞர் கேட்டபோதுதான் சிவப்பு டார்ச் ஒரு தடவை எரிந்தது. மற்ற நேரமெல்லாம் நட்சத்திர வெளிச்சமே போதுமானதாக இருந்தது என்பது அவருக்கு ஆச்சரியம்.

அதே வருடம் அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அகாசாகி, அமானோ, நாகமுரா. எதற்கு? நீல எல்.இ.டி.க்கு. மறுநாள் காலை பிளஸ் டூ வகுப்பில் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். இரண்டு வருடமாக மேசை இழுப்பறையில் கிடந்த நீல டார்ச்சைப் புதுப் பேட்டரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு மாணவியின் மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்ட பக்கத்தில் அதை அடித்தார். பக்கம் முழுக்க நீலமாக இருக்க, கோடு மட்டும் இளமஞ்சளாக ஜொலித்தது. “வெள்ளை எல்.இ.டி.ன்னு தனியா ஒண்ணு இல்ல” என்று தொடங்கினார். உள்ளே இருப்பது நீலம். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரப் பூச்சு. நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணை ஏமாற்றி வெள்ளையாகத் தெரிகிறது. நிச்சியா அதை 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்த வெள்ளை எல்.இ.டி. டார்ச்சும், பையன்கள் ஒளித்து வைத்திருந்த எந்தச் செல்போனின் டார்ச்சும், நாகமுராவின் நீலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டுதான் எரிகிறது.

நாற்பது பிள்ளைகள் வரிசையாக வந்து அந்த டார்ச்சை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபது ரூபாய்க்கு அது செய்த ஒரே நல்ல வேலை அன்றைக்குத்தான்.

பாடம் நடத்திய சூட்டில் அவருக்கே ஒரு தெளிவும் வந்தது. கடைகளில் கிடைக்கும் சாவிக்கொத்து வெள்ளை பெரும்பாலும் நீலம் தூக்கலான குளிர் வெள்ளை. அதில் சிவப்புப் பொருள்கள் செத்துப்போய்த் தெரியும். பாஸ்பரத்தில் சிவப்பையும் கூட்டி, 3000 கெல்வின் அளவுக்கு இறக்கினால் பழைய குண்டு பல்பின் சாயல் வரும். மாத்திரையின் ரோஸ் ரோஸாகவே தெரியும். கண்ணையும் அவ்வளவு குத்தாது. 2015-ல் மூன்று கடை ஏறி இறங்கி அப்படி ஒன்றைப் பிடித்தார். வெளிச்சம் குளிர் வெள்ளையைவிடக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் அதையே குறையாகச் சொல்லி வேறொன்றை நீட்டினார், இவர் வாங்கவில்லை.

எந்தக் கலர் நல்லது என்று இப்போது யாராவது கேட்டால் அவர் சுற்றி வளைப்பதில்லை. ஒன்றே ஒன்று வாங்குகிற ஆளுக்கு மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை. வானம் பார்க்கிறவர், தூங்கும் குழந்தையின் அறைக்குள் போகிறவர், கடற்கரையில் ராத்திரி நடக்கிறவர் என்றால் கூடவே ஒரு சிவப்பு. நீலம் வேண்டாம். எதை வாங்கினாலும் பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்று பார்க்கச் சொல்கிறார். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

வீட்டுச் சாவியில் இன்று வெள்ளை இருக்கிறது, வண்டிச் சாவியில் சிவப்பு. அவர் ஓய்வு பெற்ற அன்று ஆய்வகப் பொருள்களை ஒப்படைத்த பட்டியலில், ப்ரிசத்துக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் கீழே, அவர் கையெழுத்தில் கடைசி வரி இப்படி இருக்கிறது: ‘சிறு டார்ச், நீலம் - 1. பேட்டரி இல்லை.’